டாக்டர் கைவிரித்த பிறகு

"இனிமே இங்க வெச்சிருந்து பிரயோஜனம் இல்லைங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அவருக்குப் பிடிச்சதைச் செஞ்சு கொடுத்து நல்லாப் பாத்துக்குங்க."

புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் எந்த மருத்துவமனையின் வராந்தாவில் நின்றாலும் ஒரு நாளில் ஒரு முறையாவது இது காதில் விழும். சொல்கிற டாக்டர் பொய் சொல்லவில்லை. கீமோவுக்குக் கட்டி அடங்கவில்லை, கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இதற்கு மேல் மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது. எல்லாம் சரிதான். ஆனால், நல்லாப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர் சொல்வதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மனுஷன் பல்லைக் கடிக்கும்போது எந்த மாத்திரையைக் கொடுப்பது? வெளிக்குப் போய் ஆறு நாளாகிறது, யாருக்கு போன் போடுவது? இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கிடக்கிறதே, அது என்ன? டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால் கடைசி வரியில் 'ரெவ்யூ எஸ்.ஓ.எஸ்.' என்று மட்டும் இருக்கும். தேவைப்பட்டால் வாருங்கள் என்று பொருள். எதற்கு வருவது, யாரிடம் வருவது என்பது அதில் இருக்காது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதையே வேலையாக வைத்திருக்கும் மருத்துவப் பிரிவு ஒன்று உண்டு. பாலியேட்டிவ் கேர் என்பார்கள். அதில் வாழ்வின் கடைசி மாதங்களைக் கவனிக்கும் பகுதி ஹாஸ்பிஸ். தமிழக அரசு இதை நோய் ஆதரவுச் சிகிச்சை என்று எழுதுகிறது. நோயைக் குணப்படுத்துவது இதன் நோக்கம் கிடையாது. மரணத்தைத் துரிதப்படுத்துவதும் இல்லை, இழுத்துப் பிடித்து நிறுத்துவதும் இல்லை. வலி, மூச்சுத் திணறல், வாந்தி, புண், பயம், தூக்கமின்மை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தணிப்பதுதான் வேலை. புற்றுநோய்க்கு மட்டும் என்றும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் எல்லோருக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவை. கிடைப்பது சுமார் 14 சதவிகிதத்தினருக்கு.

செவிலியரின் பையில்

வீடு தேடி வரும் நோய் ஆதரவுச் செவிலியரின் தோள்பையில் பெரிய கருவி எதுவும் இருக்காது. கையுறை, பஞ்சு, காஸ் துணி, சலைன் பாட்டில், யூரின் ட்யூப், யூரோபேக், மூக்கு வழியாகப் போடும் ட்யூப், பி.பி. பார்க்கும் கருவி, மலமிளக்கி சிரப். கூடவே சில அட்டை மெட்ரோனிடசோல். சீதபேதிக்குக் கொடுப்போமே, அதே மாத்திரைதான்.

அது எதற்கு என்று பார்க்க வேண்டுமானால் வாய்ப் புற்றுநோய் முற்றிக் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட ஒருவரின் வீட்டுக்குப் போக வேண்டும். புகையிலை புழங்கும் நம் ஊர்களில் இது அபூர்வம் இல்லை. வாசலிலேயே நாற்றம் தெரியும். அவரை வெளித்திண்ணைக்கோ மாட்டுக்கொட்டகைப் பக்கமோ மாற்றியிருப்பார்கள். தட்டும் டம்ளரும் தனி. பேரன் பேத்திகளை அருகில் விடுவதில்லை. அவரே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

செவிலியர் முதலில் பழைய துணியைப் பிய்த்து எடுப்பதில்லை. சலைனை ஊற்றி ஊறவைக்கிறார். ஒட்டியிருந்தது தானாக இளகி வந்த பிறகு புண்ணைக் கழுவுகிறார். மாத்திரைகளை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து மாவாக நசுக்கி, புண் முழுக்கத் தூவி, மேலே காஸ் வைத்து மூடுகிறார். காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள்தான் அந்த நாற்றத்துக்குக் காரணம். மெட்ரோனிடசோல் அவற்றைக் கொல்கிறது. நாள் தவறாமல் செய்தால் சில நாளில் நாற்றம் வெகுவாக அடங்கிவிடும். புழு வைத்திருந்தால் டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியை அருகில் காட்ட, அவை வெளியே வரும். இடுக்கியால் எடுத்துவிடலாம். 'பாவம் செஞ்சவனுக்குத்தான் புழு வைக்கும்' என்று வீட்டில் முணுமுணுப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் எந்தப் புண்ணிலும் புழு வைக்கும். திறந்த புண்ணைத் துணி போட்டு மூடினால் வைக்காது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த மொத்த வேலைக்கும் ஆகும் மருந்துச் செலவு சில ரூபாய்கள். சாவு தள்ளிப்போகப் போவதில்லை. ஆனால் திண்ணையில் கிடந்தவர் நடுவீட்டுக்கு வந்துவிடுகிறார். லட்சக்கணக்கில் செலவாகும் பல சிகிச்சைகளைவிட இதை நான் பெரிய மருத்துவம் என்பேன்.

மற்றதெல்லாம் வீட்டு ஆட்களே கற்றுக்கொள்ளக்கூடியவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பில் சுருக்கம் விழாமல் பார்ப்பது, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுப்பது, விரலில் ஈரத்துணி சுற்றி வாயைத் துடைத்துவிடுவது. படுக்கைப் புண் வந்த பிறகு ஆற்றுவதைவிட வராமல் பார்ப்பது எளிது. ஏர் பெட் வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பல மையங்கள் இரவல் தருகின்றன.

லண்டனில் ஒரு ஜன்னல்

நவீன ஹாஸ்பிஸுக்குத் தாய்வீடு லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் 1967-ல் திறக்கப்பட்ட செயின்ட் கிறிஸ்டோபர்ஸ். தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, முதுகுத் தொந்தரவால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, சாகப்போகிறவர்களின் வலியை டாக்டர்கள் கண்டுகொள்வதில்லை என்று கண்டு, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1957-ல் டாக்டரானவர். 1948-ல் அவர் கவனித்துக்கொண்ட டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி, சாகும்போது 500 பவுண்டு எழுதிவைத்தார். பின்னால் சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜன்னலைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 வருடம் ஆயிற்று.

உடல் வலி, மன வலி, குடும்ப வலி, ஆன்ம வலி நான்கும் பிணைந்த முழு வலி என்ற கருத்து சாண்டர்ஸ் தந்தது. புத்தகத்தில் படித்தால் தத்துவம்போல இருக்கும். படுக்கை அருகே உட்கார்ந்தால் புரிந்துவிடும். மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் ஒருவருக்கு வலி குறையவில்லை என்றால், தேர்ந்த செவிலியர் அடுத்த மாத்திரையை எடுப்பதில்லை. "ராத்திரி தூக்கம் வராதப்ப என்னய்யா யோசனை ஓடுது?" என்று கேட்பார். நகைக் கடனுக்கு வட்டி கட்டும் தேதி, கரையேற்றாத பெண், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி என்று ஒன்று வெளியே வரும். தம்பி வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன அன்று அதே மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்.

விளைவது இங்கே, கிடைக்காததும் இங்கே

வலியின் மருந்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் ஒரு படிக்கட்டு முறையை வகுத்தது. லேசான வலிக்கு பாராசிட்டமால் வகை, நடுத்தரத்துக்கு கோடீன் வகை, கடும் வலிக்கு மார்ஃபின். ஊசியைவிட வாய்வழி மேல். முக்கியமாக, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் சறுக்குவது இங்கேதான். "தாங்க முடியலைன்னா மட்டும் கொடுங்க" என்று மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைக்கிறோம். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்க அதிக மருந்து வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி எட்டிப் பார்க்கும் முன்பே அடுத்தது.

எல்லா வலிக்கும் மார்ஃபின் என்றும் இல்லை. குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, கரண்ட் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று இழுப்பது வேறு. கடைசியாகச் சொன்னது நரம்பு வலி. அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகளையும் சேர்க்க வேண்டும். அதனால்தான் வலி எப்படி இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே போகிறது, பத்துக்கு எத்தனை என்று டாக்டர் குடைந்து குடைந்து கேட்பார். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

மார்ஃபின் என்றதும் குடும்பம் மூன்று கேள்வி கேட்கும். அடிமையாகிவிடுவாரா? வலிக்காக, சரியான அளவில், டாக்டர் மேற்பார்வையில் எடுக்கும் புற்றுநோயாளிகளிடம் போதைப் பழக்கம் வருவது அரிது. மூச்சு நின்றுவிடுமா? சிறிய அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அந்த ஆபத்து மிகக் குறைவு. கடைசிக் கட்ட மூச்சுத் திணறலைத் தணிக்கவே சிறிய அளவில் மார்ஃபின்தான் கொடுக்கிறார்கள். இது கடைசி மருந்தா? இல்லை. மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். பழகாதது மலச்சிக்கல் ஒன்றுதான். மலமிளக்கி எழுதாமல் மார்ஃபின் மட்டும் எழுதியிருந்தால், சீட்டைத் திருப்பி நீட்டிக் கேளுங்கள்.

இவ்வளவு எளிய, விலை மலிவான மருந்து ஏன் கிடைப்பதில்லை? மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. காயைக் கீறி எடுக்கும் அபின் பால், நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. உள்ளூரில் என்ன நடந்தது என்றால், 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைகள் பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். கணக்கில் ஒரு சிறு பிழைக்கும் ஜெயில். யார் வைத்திருப்பார்கள்? 1985-ல் 716 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியது படுக்கையில் கிடந்த நோயாளி. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரே அனுமதி போதும் என்றானது. சட்டம் தளர்ந்துவிட்டது. முப்பது வருடம் மார்ஃபினைத் தொடாமலே படித்து முடித்த டாக்டர்களின் தயக்கம் இன்னும் தளரவில்லை.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"

டாக்டர் அறைக்குள் நுழையும் முன் மகன் முந்திக்கொண்டு உள்ளே போவான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." அடுத்த முறை தனியாக இருக்கும்போது அப்பா சொல்வார்: "எனக்குத் தெரியும் சார். பிள்ளைங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், பயந்துடுவாங்க." இரண்டு பக்கமும் தெரிந்த ரகசியத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே மாதக்கணக்கில் நடிக்கிறது. கீமோ வார்டின் பெயர்ப்பலகையைப் படித்தவருக்கு, முடி கொட்டியவருக்கு, 'வெறும் அல்சர்தான்' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

அனுபவமுள்ள பாலியேட்டிவ் டாக்டர்கள் மகனோடு சண்டை போடுவதில்லை. நோயாளியிடமே கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். "உங்க உடம்புக்கு என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சது என்னங்க? இன்னும் விவரமா என்கிட்ட கேட்டுக்கணுமா, இல்ல உங்க பையன்கிட்டயே பேசிக்கட்டுமா?" சிலர் "அவன்கிட்டயே பேசிக்குங்க" என்பார்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமைதான். பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். கேட்பவருக்குப் படிப்படியாக, அவர் தாங்கும் வேகத்தில் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நம் கலாசாரம் ஏற்காது என்பவர்களை நான் நம்புவதில்லை. தன் காரியத்துக்கான பணத்தை முந்தானையில் முடிந்துவைத்து, எந்த இடத்தில் எரிக்க வேண்டும் என்று வெற்றிலை மென்றபடியே சொல்லிவிட்டுப் போன பாட்டிகள் இருந்த ஊர்கள் இவை. ஒளிப்பது பின்னால் வந்த பழக்கம்.

ஒளிப்பதற்கு விலையும் உண்டு. பேங்க் கணக்கில் நாமினி இல்லை, பட்டா பெயர் மாற்றவில்லை, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அவர் மனசில் மட்டும் இருக்கிறது. குலதெய்வத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்க ஆசை, கேட்டால் எதற்கு என்று கேட்பார்களோ என்று கேட்காமலே விட்டுவிடுகிறார். நோயாளி பெண் என்றால் நிலைமை இன்னும் மோசம். கணவர், மகன்கள், மைத்துனர் கூடிப் பேசி முடிவெடுத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், அதுவும் பாதிதான், அந்த அம்மாவுக்குத் தெரியும். அவரை உட்காரவைத்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று முதன்முதலாகக் கேட்கிறவர் பல வீடுகளில் செவிலியராக இருப்பார்.

ரெண்டு வாய் கஞ்சி

செவிலியர்களைக் கேட்டால், குடும்பம் அதிகம் அழுவது வலிக்காக அல்ல என்பார்கள். சாப்பாட்டுக்காக. "சிஸ்டர், மூணு நாளா ஒண்ணும் இறங்கலை. ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க." அன்பைச் சோற்றில் காட்டிப் பழகிய ஊர் நம்முடையது. சத்துமாவுக் கஞ்சி, இளநீர், ஹார்லிக்ஸ் என்று ஒன்று மாற்றி ஒன்றாகக் கொண்டுவந்து மூக்கருகில் நீட்டுவோம். வாயை இறுக மூடிக்கொண்டால் கெஞ்சல், பிறகு கோபம், பிறகு கண்ணீர்.

கடைசி வாரங்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. கொடுத்தாலும் அதைச் செரித்துப் பயன்படுத்த அதனிடம் தெம்பு இல்லை. சாப்பிடாததால் சாகிறார் என்று வீடு நினைக்கிறது. சாவு நெருங்குவதால் பசி விலகியிருக்கிறது. குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை லிட்டர் 5 சதவிகித குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லியில் கிடைக்கும் சத்து அவ்வளவு இருக்கும். சிறுநீரகமும் இதயமும் ஓய்ந்துகொண்டிருக்கும் உடம்பில் ஏற்றும் அந்த நீர் கை கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் தேங்கி, மூச்சை இன்னும் திணறடிக்கலாம். அவர் கேட்டால், கேட்பதை, கேட்கிற அளவு. அது ஒரு ஸ்பூன் ஐஸ்க்ரீமாக இருந்தாலும் சரி, ஊறுகாய் தொட்ட விரலாக இருந்தாலும் சரி. சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு கூடாதே என்ற கட்டுப்பாட்டையும் அந்த நேரத்தில் டாக்டரே பெரும்பாலும் தளர்த்திவிடுவார்.

இன்னொன்று, பால் ஊற்றுவது. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் உறவுகள் வரிசையாக வந்து வாயில் பால் விடுவார்கள். நிலத்தின் மேல் ஆசை என்றால் மண்ணைக் கரைத்து, பணத்தின் மேல் ஆசை என்றால் காசை உரசி. நினைவு மங்கிய நிலையில் விழுங்கும் திறன் போயிருக்கும். ஊற்றுகிற பால் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைக்கலாம். அதற்காகச் செவிலியர் சடங்கை நிறுத்தச் சொல்லிப் பாட்டிகளோடு மல்லுக்கு நிற்பதில்லை. "பஞ்சை நனைச்சு உதட்டுல தடவி விடுங்கம்மா, அதுவே போதும்" என்பார். எல்லோரும் தடவுகிறார்கள். எல்லோருக்கும் மனசு ஆறிவிடுகிறது.

எப்போது கூப்பிடுவது

சீக்கிரம். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பரவிய நிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் சிகிச்சை. இரண்டாவது குழு மனச்சோர்வு குறைந்து நிம்மதியாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் அவர்களுக்குக் குறைவு. அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதம். முதல் குழுவுக்கு 8.9 மாதம். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் வீட்டிலேயே ஹாஸ்பிஸ் கவனிப்புக்கு மாறினார். 2024 டிசம்பர் வரை, தன் நூறாவது பிறந்தநாளையும் தாண்டி இருந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்காதுதான். ஆனால் ஹாஸ்பிஸ் என்றால் அடுத்த வாரம் பாடை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பக்கத்து வீடும் நம் வீடும்

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் டாக்டர் எல்.ஜே. டிசோசா தொடங்கிய சாந்தி அவேத்னா. ஆனால் இந்தச் சிகிச்சையைக் கட்டடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய சங்கம், வெளிநாட்டு ஹாஸ்பிஸை நகலெடுக்கவில்லை. ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கல்லூரி மாணவர், மளிகைக் கடைக்காரர் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து அக்கம்பக்கத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள வைத்தது. மலப்புரத்தில் வேர்விட்டது மாநிலம் முழுக்கப் பரவியது. 2008-ல் இதற்கென்று கொள்கை அறிவித்த முதல் மாநிலம் கேரளம். ஊராட்சிகளே செவிலியரை வைத்து வீட்டுக்கு அனுப்புகின்றன.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அடக்கம். சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வரும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையில் இருப்பவருக்குச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள் என்பது தெரியாது. வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்பது ஏற்பாடு. நம் வட்டாரம் ஒன்றில் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். கேரள ஊராட்சி நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரே ஆள் எத்தனை வீட்டு வாசலை மிதிக்க முடியும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் இது வளரும். தங்கிப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது. பெங்களூருவில் கருணாஷ்ரயா இருக்கிறது. இரண்டிலும் கட்டணம் கிடையாது.

இந்தக் கவனிப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. விருதுநகர், மதுரைப் பக்கங்களில் தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் 2010-ல் பெரிதாக வந்தன. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து அனுப்பிவைப்பது. 'பாரம்' படம் இதைத்தான் பேசி தேசிய விருது வாங்கியது. அது கொலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீடுகளுக்கு ஏர் பெட்டோடும் வலி மாத்திரையோடும் மாதம் இரண்டு முறை யாராவது போயிருந்தால் அதில் எத்தனை நடந்திருக்கும் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

ஐ.சி.யூ. வாசலில்

வசதியுள்ள வீடுகளின் கதை வேறு. அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள். கடைசி வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்து இறங்கும். ஆறு மாதமாகப் பக்கத்தில் இல்லாத குற்ற உணர்ச்சி ஆம்புலன்ஸாக மாறும். வென்டிலேட்டர், டயாலிசிஸ், தினம் ஒரு பில். ஒரு வாரம் கழித்து 'எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டு, ஆம்பு பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்திக்கொண்டே வீட்டுக்கு. வாசல் வந்ததும் அழுத்துவதை நிறுத்தி, 'வீட்டில்தான் உயிர் போச்சு' என்று ஊருக்குச் சொல்வது. என் சொந்தத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

இதைத் தடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், தனக்கு மீளமுடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சைகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும் என்றார்கள். தன் சார்பில் முடிவு சொல்லக்கூடியவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே செயற்கைக் கருவிகளை நிறுத்துவார்கள். ஊசி போட்டுக் கொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள், தெம்பாக இருக்கும்போதே அவர்களை வீடியோ காலில் வைத்துக்கொண்டு இதை எழுதுவது நல்லது.

பாயில் படுப்பவர்

கட்டிலில் ஒருவர் கிடந்தால் கீழே பாயில் இன்னொருவர் படுத்திருப்பார். பெரும்பாலும் மனைவி, மருமகள், கல்யாணம் ஆகாத மகள். வேலையை விட்டிருப்பார், ஆறு மாதமாக முழுசாகத் தூங்கியிருக்க மாட்டார். பார்க்க வருகிற உறவுகள் ஆப்பிளோடு ஆலோசனையும் கொண்டுவருவார்கள். "இன்னும் அந்த வைத்தியர்கிட்ட காட்டலையா? எங்க ஓரகத்தி ஒருத்தி கஷாயத்துலயே எழுந்து உக்காந்தா." ஒரு வரியில், இத்தனை நாள் பீ மூத்திரம் அள்ளியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். பார்க்கப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்தப் பெண் குளித்துவிட்டுக் கொஞ்சம் தூங்குவார். சில ஹாஸ்பிஸ்கள், கவனிப்பவர் ஓய்வெடுக்கட்டும் என்றே நோயாளியைச் சில நாள் சேர்த்துக்கொள்கின்றன. அப்படிச் சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசி நாள்களில் என்ன நடக்கும் என்று செவிலியர் இந்தப் பாயில் படுப்பவரிடம்தான் முதலில் சொல்லிவைப்பார். தூக்கம் அதிகமாகும். கை கால் சில்லிட்டு, தோலில் திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கும். மூச்சு வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடும். தொண்டையில் சளி கரகரக்கும். கேட்பவருக்குத்தான் அது கொடூரமாக இருக்கும், பெரும்பாலும் நோயாளி அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், அதற்கு ஊசியும் உண்டு. காது கேட்கும் என்றே வைத்துக்கொண்டு பேச வேண்டும், சொத்துப் பேச்சைக் கூடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிர் போன பிறகு 108-ஐக் கூப்பிட்டு ஓட வேண்டியதில்லை. இதுவரை பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கி, 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமமானால் வி.ஏ.ஓ.விடம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துச் செவிலியர் இன்னொரு முறை வருவார். ஏர் பெட்டை எடுத்துக்கொண்டு, மீந்த மார்ஃபினை எண்ணி வாங்கிக்கொண்டு போவதற்கு மட்டும் அல்ல. பாயில் படுத்திருந்த பெண் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியை வைத்திருப்பார். கூட்டம் கலைந்த வீட்டில்தான் அது வெளியே வரும்.

"அன்னைக்கு ராத்திரி பத்து மணி மாத்திரையை நான்தான் கொடுத்தேன் சிஸ்டர். அதனாலதான் போயிட்டாரா?"

"இல்லம்மா. இந்த நோட்டைப் பாருங்க, உங்க கையெழுத்துதான். மூணு வாரமா அதே அளவு, அதே நேரம். அன்னைக்கு வித்தியாசமா நீங்க ஒண்ணும் பண்ணலை. அந்த மாத்திரை இல்லைன்னா அன்னைக்கு அவர் வலியோட போயிருப்பார்."